டிவி கம்பெனிகள் கைமாறினால் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்கள் எந்தச் சேனலுக்குப் போகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களில் பலர் பிள்ளைகள் அங்கே கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் சனிக்கிழமை ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஆட்டம்) பார்க்கத் தொடங்குகிறார்கள். பார்க்கத் தொடங்கியதுமே தலைசுற்றுகிறது. போன வருடம் ஒரு சேனலில் வந்த ஆட்டம் இந்த வருடம் இன்னொன்றில் வருகிறது. கலிஃபோர்னியாக் கல்லூரி அட்லாண்டிக் கரை லீகில் ஆடுகிறது. செய்தியில் பார்த்தால் டிஸ்னி ஃபாக்ஸை வாங்கியது, பாரமவுண்ட் வார்னரைக் கேட்டது என்று ஓடுகிறது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் இந்தப் பக்கம்.

கல்லூரி ஆட்டத்துக்கு டிவிக்காரர்கள் இவ்வளவு கொட்டிக் கொடுப்பது ஏன்?

நம்மூர்க் கல்லூரி கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்க்க அந்தக் கல்லூரிப் பையன்களே முழுசாக வருவதில்லை. அங்கே கதை வேறு. மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கைகள். படித்து முடித்துப் போனவர்கள் சாகும்வரை அந்த அணியின் ரசிகர்கள்தான். தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லும் செப்டம்பரிலிருந்து டிசம்பர் பாதிவரை சனிக்கிழமைகளை விட்டுவிடுகிறது. 1961-இல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம் அப்படி விட்டால்தான் கூட்டாக உரிமை விற்கும் சலுகை என்று கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. ஆக, சனிக்கிழமை முழுக்கக் கல்லூரிக்குத்தான்.

சீரியலும் சினிமாவும் ஓடிடிக்குப் போய்விட்ட பிறகு, விளம்பரத்தோடு சேர்த்து அந்த நேரத்திலேயே உட்கார்ந்து பார்க்க வைக்கிற சரக்கு டிவியிடம் வேறு அதிகம் இல்லை.

ஒளிபரப்பு உரிமை யாருடையது? என்சிஏஏவா, கல்லூரியா?

1984 வரை என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டுகளுக்கான தேசிய அமைப்பே ஃபுட்பால் உரிமையை மொத்தமாகக் கையில் வைத்திருந்தது. ஒரு அணி எத்தனை முறை டிவியில் வரலாம் என்பதையும் அதுதான் முடிவு செய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகத் தரப்புகள் வழக்குப் போட்டன. இது போட்டியை முடக்குகிற ஏற்பாடு என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூனில் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அன்றோடு உரிமை கல்லூரிகளிடம் வந்தது.

தனியாக விற்பதைவிடக் கூட்டாக விற்றால் காசு அதிகம். அதனால் கல்லூரிகள் தங்கள் கான்ஃபரன்ஸ் மூலமாக விற்கின்றன. கான்ஃபரன்ஸ் என்பது ஒருவரோடு ஒருவர் வழக்கமாக ஆடும் கல்லூரிகள் சேர்ந்து அமைத்த லீக்: பிக் டென், எஸ்இசி, ஏசிசி, பிக் 12 போன்றவை. சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களின் உரிமையை இத்தனை வருடத்துக்குக் கான்ஃபரன்ஸுக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று பெரும்பாலும் ஒவ்வொரு கல்லூரியும் கையெழுத்துப் போட்டுத் தருகிறது. நடுவில் விலகினாலும் உரிமை பின்னாலேயே வராது. நோட்டர் டேம் மட்டும் ஃபுட்பாலில் தனிக்காட்டு ராஜா. 1991 முதல் தன் உள்ளூர் ஆட்டங்களை என்பிசி என்ற டிவி நெட்வொர்க்குக்குத் தானே விற்றுவருகிறது.

கூடைப்பந்தில் மார்ச் மாதம் நடக்கும் தேசியப் போட்டி இன்றும் என்சிஏஏவின் சொத்து. அமைப்பின் வருமானத்தில் பெரும்பகுதி அந்த ஒரே போட்டியிலிருந்து வருகிறது.

ஒரு டிவி கம்பெனியை இன்னொன்று வாங்கினால் ஏற்கெனவே போட்ட ஒப்பந்தம் ரத்தாகிவிடுமா?

ஆகாது. ஒப்பந்தம் போட்ட கம்பெனி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் முதலாளிதான் மாறுகிறார். முதலாளி மாறினால் எங்களிடம் கேட்க வேண்டும் என்று சில ஒப்பந்தங்களில் ஒரு பிரிவு எழுதியிருப்பார்கள். அதை வைத்துக் கொஞ்சம் பேரம் பேசலாமே தவிர, பத்திரத்தைக் கிழித்துப் போடுவது அபூர்வம்.

மாறுவது ஆட்டத்தை எங்கே காட்டுகிறார்கள் என்பது. நோட்டர் டேம் முதலில் கையெழுத்துப் போட்டபோது என்பிசியின் முதலாளி ஜெனரல் எலெக்ட்ரிக். 2011-இல் காம்காஸ்ட் என்ற கேபிள் கம்பெனி கையில் அது வந்தது. காம்காஸ்டுக்கு பீகாக் என்ற ஓடிடியை வளர்க்க வேண்டியிருந்தது. 2021 செப்டம்பரில் டொலிடோவுக்கு எதிரான ஆட்டம் பீகாக்கில் மட்டும் வந்தது. ஆன்டெனா வைத்து இலவசமாகப் பார்த்துக்கொண்டிருந்த ரசிகர் அன்றைக்குச் சந்தா கட்ட வேண்டியதாயிற்று. கல்லூரி அதே, உரிமை வாங்கியவரும் அதே. முதலாளியின் தேவைதான் வேறு.

அப்படியானால் உண்மையான அடி எங்கே விழுகிறது?

அடுத்த ஏலத்தில். உரிமை ஒப்பந்தம் ஆறு, ஏழு, பத்து வருடத்துக்கு ஒருமுறை முடியும். அன்றைக்கு மேசையைச் சுற்றி எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களில் யாருக்குக் கடன் கழுத்தை நெரிக்கிறது, யாருக்கு எந்தச் சேனலை நிரப்ப ஆட்டம் தேவைப்படுகிறது என்பதெல்லாம் நாலைந்து வருடத்துக்கு முன்பு நடந்த இணைப்புகளிலேயே முடிவாகியிருக்கும். எனக்குத் தெரிந்து இந்தத் துறையைப் புரிந்துகொள்ள இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. இணைப்புச் செய்தி வந்ததும் 'என் டீம் எந்தச் சேனல்?' என்று தேடுவதைவிட, அந்தக் கான்ஃபரன்ஸின் ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது என்று தேடுவது பயன்படும்.

ஈஎஸ்பிஎன் எப்படி இவ்வளவு பெரிய ஆளானது?

முதலாளி மாறி மாறித்தான். 1979 செப்டம்பரில் விளையாட்டுக்கான கேபிள் சேனலாகத் தொடங்கியபோது அதைச் சீந்த ஆளில்லை. 1984-இல் ஏபிசி என்ற டிவி நெட்வொர்க் வாங்கியது. அடுத்து ஏபிசியை கேப்பிடல் சிட்டீஸ் வாங்கியது. 1996-இல் இரண்டையும் சேர்த்து சுமார் 1,900 கோடி டாலருக்கு டிஸ்னி வாங்கிப்போட்டது. (ஈஎஸ்பிஎன்னில் 20 விழுக்காடு அப்போது ஹெர்ஸ்ட் என்ற பத்திரிகைக் குழுமத்திடம் இருந்தது.)

டிஸ்னி கையில் வந்தபின் கேபிள்காரரிடம் பேரம் பேசுவது எளிதானது. பிள்ளைகளுக்கான டிஸ்னி சேனலும் ஏபிசியும் வேண்டுமானால் ஈஎஸ்பிஎன்னையும் எல்லா வீட்டுக்கும் கொடு, வீட்டுக்கு இத்தனை டாலர் கட்டு. பந்து உருண்டையா தட்டையா என்று தெரியாத வீடும் மாதாமாதம் காசு கட்டியது. 2011-ஐ ஒட்டி ஏறத்தாழ 10 கோடி வீடுகள். அந்தப் பணத்தில்தான் கல்லூரி உரிமைகள் வாங்கப்பட்டன. 2011-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் தனியாக லாங்ஹார்ன் நெட்வொர்க் என்றொரு சேனலே தொடங்கினார்கள்: 20 வருடம், 30 கோடி டாலர். டெக்சஸ் எஸ்இசிக்கு மாறியபோது, 2024-இல், பாதி வழியிலேயே அதற்கு மூடுவிழா.

இப்போது கேபிள் வீடுகள் 7 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டன. உரிமைக்கான செலவு மட்டும் இறங்கவில்லை.

2019-இல் டிஸ்னி ஃபாக்ஸை வாங்கியதே, கல்லூரி ஆட்டங்கள் எல்லாம் ஒரே கைக்குப் போகவில்லையா?

போகவில்லை. டிஸ்னி 7,130 கோடி டாலர் கொடுத்து வாங்கியது ஃபாக்ஸின் சினிமா ஸ்டுடியோ, சில கேபிள் சேனல்கள், இந்தியாவின் ஸ்டார் குழுமம் முதலியவற்றை. ஆமாம், நம் விஜய் டிவியும் அந்த மூட்டையில்தான் டிஸ்னிக்குப் போனது. ஆன்டெனாவில் இலவசமாக வரும் ஃபாக்ஸ் நெட்வொர்க்கை டிஸ்னி தொட முடியாது. நான்கு பெரிய நெட்வொர்க்குகளில் இரண்டை ஒருவரே வைத்திருக்கக் கூடாது என்று ஒளிபரப்பு ஆணைய விதி இருக்கிறது. ஏபிசி ஏற்கெனவே டிஸ்னியிடம் இருந்தது. அதனால் நெட்வொர்க், எஃப்எஸ்1 விளையாட்டுச் சேனல், பிக் டென் நெட்வொர்க்கின் பெரும்பான்மைப் பங்கு ஆகியவற்றைத் தனிக் கம்பெனியாக ஃபாக்ஸின் முதலாளிகளான முர்டாக் குடும்பம் வைத்துக்கொண்டது.

கணக்குத் தப்பியது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஸ்டுடியோவும் சீரியலும் போனபின் அந்த ஃபாக்ஸிடம் மிஞ்சியவை செய்தியும் விளையாட்டும். வேறு வழியில்லாமல் விளையாட்டில் வெறித்தனமாக இறங்கியது. சனிக்கிழமை நண்பகலைப் பெரிய ஆட்டத்துக்கான நேரமாக மாற்றியது. 2022-இல் பிக் டென் ஏலத்துக்கு வந்தபோது ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றும் சேர்ந்து ஏழு வருடத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் கொடுத்து எடுத்தன. நாற்பது வருடமாக பிக் டென் ஆட்டங்களைக் காட்டிய ஈஎஸ்பிஎன் வெறுங்கையோடு வெளியே வந்தது.

ஃபாக்ஸின் வட்டாரச் சேனல்கள் என்ன ஆயின?

அமெரிக்க அரசின் நீதித்துறை அமைச்சகம், ஈஎஸ்பிஎன்னோடு இவையும் சேர்ந்தால் அதிகம் என்று சொல்லி, 22 வட்டார விளையாட்டுச் சேனல்களை விற்கச் சொன்னது. போட்டியைக் காப்பாற்றப் போட்ட அந்த நிபந்தனை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஒரு சாதாரண ஏசிசி ஆட்டத்தின் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம்.

ஏசிசியின் உரிமை முழுக்க ஈஎஸ்பிஎன்னிடம். அதில் முதல்தர ஆட்டங்களைத் தான் வைத்துக்கொண்டு, மீதியில் ஒரு பங்கை ரேகாம் என்ற தென்மாநில நிறுவனத்துக்கு உள்குத்தகைக்கு விட்டது. ரேகாம் அதில் கொஞ்சத்தை ஃபாக்ஸ் வட்டாரச் சேனல்களுக்குக் கொடுத்தது. 2019 ஜனவரியில் ரேகாமின் தாய் நிறுவனத்தை கிரே டெலிவிஷன் வாங்கியது. அதே வருடம் வட்டாரச் சேனல்கள் டிஸ்னிக்குப் போன கையோடு விற்பனைக்கு வந்தன. சின்க்ளேர் என்ற நிலையக் குழுமம் அவற்றில் 21-ஐச் சுமார் 1,000 கோடி டாலருக்குப் பெரும்பாலும் கடன் வாங்கி எடுத்தது. 2021-இல் பெயர் பேலி ஸ்போர்ட்ஸ் என்று மாறியது. வீடுகள் கேபிளைத் துண்டித்துக்கொண்டே போக, அந்தச் சேனல்களை நடத்திய டயமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் திவால் மனு போட்டது. அந்த ஜூலையில் ரேகாம் தன் ஆட்டங்களைத் தூக்கி தி சிடபிள்யூ நெட்வொர்க்குக்குக் கொடுத்தது: ஃபுட்பாலும் கூடைப்பந்துமாக வருடத்துக்கு 50 ஆட்டங்கள்.

பதின்பருவப் பிள்ளைகளுக்கான சீரியல் போட்டுக்கொண்டிருந்த தி சிடபிள்யூவுக்குக் கல்லூரி ஆட்டம் எதற்கு? அதற்கும் ஒரு விற்பனைதான் காரணம். 2022 அக்டோபரில் நெக்ஸ்டார் அதன் 75 விழுக்காட்டை வாங்கியது. நாடெங்கும் உள்ளூர் நிலையங்களை வைத்திருக்கும் நெக்ஸ்டாருக்குச் செலவு பிடிக்கும் சீரியலைவிட ஆட்டம் லாபம்.

ஆக நான்கைந்து கம்பெனிகளின் கைமாற்றங்களுக்குப் பிறகு, சந்தா கட்டிப் பார்த்த ஆட்டம் ஆன்டெனாவில் இலவசமாக வந்து நின்றது. இணைப்பு என்றாலே ரசிகருக்கு நட்டம் என்று ஒரே அடியாகச் சொல்ல முடியாது.

வாங்குகிறவர்கள் குறைந்தால் விலை இறங்க வேண்டுமே? ஏன் ஏறியது?

இறங்க வேண்டியதுதான். ஆனால் ஏலத்தில் விலையை மேலே ஏற்ற இரண்டு பேர் போதும். ஈஎஸ்பிஎன்னும் ஃபாக்ஸும் ஒருவரை ஒருவர் விடவில்லை. எஸ்இசியின் வாராந்திரச் சிறந்த ஆட்டத்துக்கு சிபிஎஸ் வருடத்துக்கு 5.5 கோடி டாலர்தான் கொடுத்துவந்தது. 2020 டிசம்பரில் டிஸ்னி அதைச் சுமார் 30 கோடிக்கு எடுத்தது. அந்த ஒப்பந்தம் 2024-இல் தொடங்கி பத்து வருடம் ஓடும்.

ஏறிய பணம் எங்கே போனது என்றும் பார்க்க வேண்டும். பெரும்பங்கு பிக் டென், எஸ்இசி என்ற இரண்டு கான்ஃபரன்ஸுக்கு. இரண்டு பெரிய வாங்குபவர்கள் ஆளுக்கொரு கான்ஃபரன்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டால் மற்றவர்களுக்கு மிச்சம் மீதிதான்.

இணைப்பை எந்தப் பணத்தில் செய்தார்கள் என்பதும் முக்கியம். 2022-இல் உருவான வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி பெருங்கடனோடு பிறந்தது. இரண்டே வருடத்தில் டிஎன்டி சேனலின் உயிர்நாடியான என்பிஏ கூடைப்பந்தைக் கோட்டை விட்டது. சிபிஎஸ்ஸின் முதலாளியான பாரமவுண்ட் நேர் எதிர். புதுப்பணத்தோடு ஸ்கைடான்ஸ் என்ற சினிமாக் கம்பெனி அதை 2025 ஆகஸ்ட் 7 அன்று எடுத்தது. அடுத்த சில நாளிலேயே யுஎஃப்சி சண்டைப் போட்டிகளுக்கு ஏழு வருடத்துக்கு 770 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். இணைப்புக்குப் பிறகு கை இறுகுமா, தாராளமாகுமா என்பது கடன் கணக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பேக்-12 உடைந்ததற்கும் இந்த இணைப்புகள்தான் காரணமா?

பாதிக் காரணம். மீதி அவர்களே தேடிக்கொண்டது.

மேற்குக் கரையின் நூறாண்டுப் பழமையான கான்ஃபரன்ஸ். 2012-இல் பெரிய கம்பெனி எதையும் பங்காளியாகச் சேர்க்காமல் சொந்தமாக பேக்-12 நெட்வொர்க்ஸ் தொடங்கினார்கள். பிக் டென்னுக்கு ஃபாக்ஸும் எஸ்இசிக்கு ஈஎஸ்பிஎன்னும் முதுகில் நின்று கேபிள்காரரிடம் பேசின. பேக்-12-க்கு அப்படிப் பேச ஆளில்லை. டைரக்டிவி என்ற சாட்டிலைட் டிவி கம்பெனி கடைசிவரை அந்தச் சேனலை எடுக்கவே இல்லை. பெருங்குழுமம் ஒன்றின் நிழலில் இல்லாத சேனலின் கதி அது.

2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்களான யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. லாஸ் ஏஞ்சலஸ் சந்தை கையைவிட்டுப் போயிற்று. பேக்-12 பேசிக்கொண்டிருக்கும்போதே பிக் 12 முந்திக்கொண்டு அந்த அக்டோபரில் ஈஎஸ்பிஎன்னோடும் ஃபாக்ஸோடும் முடித்துவிட்டது. அந்த இருவரின் பை நிரம்பியபின் பேக்-12-க்கு மிஞ்சியது ஆப்பிள் மட்டும். அதுவும் சந்தாதாரர் சேரச் சேரத்தான் பணம் ஏறும் என்கிற ஏற்பாடு.

2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. மிஞ்சியிருந்த ஒன்பது பல்கலைக்கழகத் தலைவர்களும் காலையில் கூடி உரிமைப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து விழவில்லை. அன்று இரவுக்குள் ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அதுவும் முதல் சில வருடங்களுக்குக் குறைந்த பங்குக்குச் சம்மதித்து, கிளம்பின. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்குப் போயின. அப்புறம் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் போன இடம் ஏசிசி. பசிபிக் கரையில் இருந்துகொண்டு அட்லாண்டிக் கரை கான்ஃபரன்ஸில் ஆடுகிறார்கள். வாலிபால் பெண்கள் ஒரு ஆட்டத்துக்காக நாட்டைக் குறுக்கே கடந்து பறந்துவிட்டு வந்து வகுப்பில் உட்கார வேண்டும். டிவி ஒப்பந்தம் போட்டவர்கள் அவர்களை நினைத்துப் போட்டதாகத் தெரியவில்லை.

மார்ச் கூடைப்பந்துப் போட்டி சிபிஎஸ்ஸிலும் டிஎன்டியிலும் வருகிறது. அந்த இரண்டும் ஒரே வீட்டுக்கு வந்தால்?

இணைப்புப் பேச்சுகளில் கல்லூரி விளையாட்டுக்கு மிக நெருக்கமான கேள்வி இதுதான். 2010-இல் சிபிஎஸ்ஸும் டர்னரும் (டிஎன்டியின் தாய்) சேர்ந்து 14 வருடத்துக்கு 1,080 கோடி டாலர் என்று எடுத்தன. 2016-இல் இன்னொரு 880 கோடி சேர்த்து 2032 வரை நீட்டித்தன. தனியாக வாங்க சிபிஎஸ்ஸுக்குக் கை நீளவில்லை, டர்னருக்கு இலவச நெட்வொர்க் இல்லை, அதனால் சேர்ந்தார்கள். இறுதிப் போட்டியை ஒரு வருடம் இவர், ஒரு வருடம் அவர் காட்டுவது வழக்கம்.

இதற்குள் டர்னர் பல கை மாறிவிட்டது. அதன் தாய் நிறுவனமான டைம் வார்னரை 2018-இல் ஏடி அண்டு டி வாங்கியது. 2022-இல் கழற்றி டிஸ்கவரியோடு சேர்த்தது. 2025 டிசம்பரில் வார்னரின் ஸ்டுடியோவையும் ஹெச்பிஓவையும் எடுத்துக்கொள்ள நெட்ஃபிளிக்ஸ் ஒப்பந்தம் போட்டது; அதில் டிஎன்டி இல்லை. சில நாளில் பாரமவுண்ட், டிஎன்டி உட்பட மொத்தக் கம்பெனியையும் பங்குக்கு 30 டாலர் ரொக்கம் என்று நேரடியாகப் பங்குதாரர்களிடமே கேட்டது.

சிபிஎஸ்ஸின் முதலாளி பாரமவுண்ட். டிஎன்டியும் அதனிடம் சேர்ந்தால் 2032 வரை என்சிஏஏவுக்குப் பிரச்சினை இல்லை. காசோலை ஒரே முகவரியிலிருந்து வரும், அவ்வளவுதான். 2032-க்குப் பிறகுதான் சிக்கல். போட்டி போட்டிருக்க வேண்டிய இருவர் ஒரே ஆளாக வந்து உட்காருவார். அதேசமயம், ஈஎஸ்பிஎன்னுக்கு எதிரே தெம்பான இன்னொரு ஆள் கிடைப்பார். ஃபுட்பால் விற்கிற கான்ஃபரன்ஸுக்கு அது நல்லது. கூடைப்பந்து விற்கிற என்சிஏஏவுக்கு நல்லதா என்பது ஈஎஸ்பிஎன்னோ அமேசானோ அன்றைக்குக் கை தூக்குகிறதா என்பதைப் பொறுத்தது.

இந்தியாவில் இப்படி நடந்ததுண்டா?

கண்முன்னே நடந்ததே. 2022 ஜூனில் ஐபிஎல் உரிமை ஐந்து வருடத்துக்கு 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. டிவி உரிமை ஸ்டாருக்கு, இந்திய டிஜிட்டல் உரிமை வயாகாம்18-க்கு. அன்றைக்கு மோதிக்கொண்ட இருவரும் 2024 நவம்பரில் ஜியோஸ்டார் என்று ஒன்றானார்கள். நடப்பு ஒப்பந்தம் அப்படியே ஓடுகிறது. அடுத்த சுற்றில் கிரிக்கெட் வாரியத்தின் எதிரே யார் யார் இருப்பார்கள் என்று பாருங்கள். பிக் டென் கமிஷனருக்கும் அதே கவலைதான்.

அரசு ஏன் தடுப்பதில்லை?

சில நேரம் தடுக்கிறது. 22 சேனல்களை விற்க வைத்தது ஒரு உதாரணம்; அதன் முடிவைத்தான் மேலே பார்த்தோமே.

நீதிமன்றம் தடுத்ததும் உண்டு. 2024 பிப்ரவரியில் டிஸ்னி, ஃபாக்ஸ், வார்னர் மூவரும் தங்கள் விளையாட்டுச் சேனல்களை மட்டும் சேர்த்து வெனு என்ற ஓடிடி தொடங்கப் போவதாகச் சொன்னார்கள். ஃபூபோ என்ற சிறு கம்பெனி, எங்களுக்கு மட்டும் விளையாட்டோடு வேண்டாத சேனல்களையும் தலையில் கட்டிவிட்டு, நீங்கள் தனியாக விற்பீர்களா என்று வழக்குப் போட்டது. ஆகஸ்டில் தடை வாங்கியும் விட்டது. அடுத்த ஜனவரியில் டிஸ்னி, தன் ஹுலு நேரலைச் சேவையை ஃபூபோவோடு இணைத்து 70 விழுக்காடு எடுத்துக்கொள்கிறேன் என்று சமரசம் பேசியது. வழக்கு போனது, சில நாளில் வெனுவும் போனது. இணைப்பை எதிர்த்து ஜெயித்தவரையே இணைத்துக்கொண்டார்கள்!

இன்னொன்று. 1961 சட்டப்படி கூட்டாக உரிமை விற்கும் சலுகை தொழில்முறை லீகுகளுக்கு மட்டும். கல்லூரிகள் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து விற்றால் 1984 தீர்ப்பு குறுக்கே நிற்கும். சட்டத்தைத் திருத்தி எல்லாக் கான்ஃபரன்ஸும் சேர்ந்து விற்க விடுங்கள் என்று டெக்சஸ் டெக் பல்கலைக்கழக ஆட்சிக்குழுத் தலைவர் கோடி கேம்பல் என்பவர் 2025-இல் டிவி விளம்பரமே போட்டார். பிக் டென்னும் எஸ்இசியும் இதை ரசிக்கவில்லை. இருக்கிற முறையில் அவர்களுக்குத்தானே அதிகம்.

ஆட்டம் நடக்கிற நேரத்தில் திடீரென்று சேனல் காணாமல் போவது ஏன்?

கம்பெனி பெருத்தால் பேரத்தில் பிடிவாதமும் பெருக்கும். 2023-இல் டிஸ்னிக்கும் சார்ட்டர் கேபிளுக்கும் சண்டை, 2024-இல் டைரக்டிவியோடு, 2025-இல் யூடியூப் டிவியோடு. மூன்றும் ஃபுட்பால் சீசனில். அது தற்செயல் இல்லை. யூடியூப் டிவியில் 2025 அக்டோபர் 30 இரவு ஈஎஸ்பிஎன், ஏபிசி, எஸ்இசி நெட்வொர்க், ஏசிசி நெட்வொர்க் எல்லாம் ஒரேயடியாக அணைந்தன. திரும்பியது நவம்பர் 14. நடுவில் இரண்டு சனிக்கிழமை போச்சு. எஸ்இசி உரிமை முழுக்க ஒரே குழுமத்திடம் இருப்பதன் விலை இது: முன்போல வாரத்துக்கு ஒரு ஆட்டமாவது சிபிஎஸ்ஸில் இருந்திருந்தால் அதையாவது பார்த்திருக்கலாம்.

பெண்கள் விளையாட்டுக்கு?

2024-இல் பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டியைச் சராசரியாக 1.8 கோடிக்கு மேல் பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதியைப் பார்த்தவர்கள் 1.5 கோடிக்கும் குறைவு. ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்புதான் என்சிஏஏ அந்தப் போட்டியை மற்ற விளையாட்டுகளோடு ஒரே கட்டாகக் கட்டி, 40 சாம்பியன்ஷிப்களாக, எட்டு வருடத்துக்கு 92 கோடி டாலர் என்று ஈஎஸ்பிஎன்னுக்குக் கொடுத்திருந்தது. தனியாக ஏலம் விட்டிருக்கலாம் என்று சொன்னவர்கள் அப்போதே இருந்தார்கள். அவர்கள் சொன்னது சரி என்றே எனக்கும் படுகிறது.

ஆடுகிற மாணவர்களுக்கு இதில் ஏதாவது வருகிறதா?

2025 ஜூலையிலிருந்து வருகிறது. கல்லூரி வீரர்கள் தங்கள் பங்கு கேட்டுத் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றபின், ஒரு பல்கலைக்கழகம் முதல் வருடம் சுமார் 2.05 கோடி டாலர்வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். அந்தப் பணத்துக்குப் பெரிய ஊற்று டிவி ஒப்பந்தம். ஆகவே அடுத்த ஏலத்தில் வாங்குபவர் குறைந்தால் பயிற்சியாளர் சம்பளம் மட்டுமல்ல, பையன்கள் பங்கும் ஆட்டம் காணும்.

சரி, இப்போது நான் எந்த வருடத்தைக் கவனிக்க வேண்டும்?

பிக் டென் ஒப்பந்தம் 2029-30 சீசனோடு முடிகிறது. பிக் 12 அதற்கு அடுத்த வருடம். தேசிய சாம்பியனை முடிவு செய்யும் ஃபுட்பால் பிளேஆஃப் ஈஎஸ்பிஎன்னிடம் 2031-32 வரை. வருடத்துக்கு 130 கோடி டாலர் கொடுக்கிற ஈஎஸ்பிஎன், அதில் சில ஆட்டங்களை டிஎன்டிக்கு உள்குத்தகைக்கு விட்டிருக்கிறது. மார்ச் கூடைப்பந்து 2032. எஸ்இசி 2033-34, ஏசிசி 2035-36.

முதலில் சந்தைக்கு வருவது பிக் டென் என்பதால் விலை அங்கேதான் நிர்ணயமாகும். சிபிஎஸ் அன்றைக்கு எந்தக் குழுமத்தின் கையில், எவ்வளவு கடனோடு இருக்கும், தன் கேபிள் சேனல்களை வெர்சன்ட் என்று தனியாகப் பிரித்துவிட்ட காம்காஸ்ட் என்பிசிக்காக இன்னும் செலவழிக்குமா, பிக் டென்னைப் பறிகொடுத்த ஈஎஸ்பிஎன் திரும்ப வருமா என்பவற்றைப் பார்த்துக்கொண்டிருங்கள். அதுவரை சந்தாவை வருடக் கணக்கில் கட்டாமல் மாதாமாதம் கட்டுவது உத்தமம். ஃபுட்பால் ஜனவரியில் முடிந்ததும் நிறுத்திவிட்டு ஆகஸ்ட் கடைசியில் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.